மலை நடுவே இறங்கும் விமானம்: பைலட்டும் கன்ட்ரோலரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காத்மாண்டு திரிபுவன் விமான நிலையம் சுமார் 4,400 அடி உயரத்தில், நாலாபுறமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது. 1992-இல் இரண்டே மாதத்துக்குள் இரண்டு பெரிய விமானங்கள் அங்கே இறங்க வந்து மலையில் மோதின. ஜூலை 31-இல் தாய் ஏர்வேஸ் 311, இறந்தவர்கள் 113 பேர். செப்டம்பர் 28-இல் பிஐஏ (பாகிஸ்தான் இன்டர்நேஷனல் ஏர்லைன்ஸ்) 268, இறந்தவர்கள் 167 பேர். இரண்டிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. மோதும் நேரத்தில் இரண்டு விமானங்களும் கட்டுப்பாட்டில்தான் பறந்துகொண்டிருந்தன. பைலட்டும், தரையிலிருந்து வழிகாட்டும் கன்ட்ரோலரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்.

இந்த விபத்துகளைப் படிக்கப் படிக்க எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்றுதான்: மலையை மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று இரு தரப்பும் நம்பிவிடுகிற அந்தச் சில நிமிடங்கள்தான் ஆபத்தானவை.

பிஐஏ விமானத்தை எடுத்துக்கொள்வோம். தெற்கிலிருந்து வரும் அந்த அப்ரோச்சில் (ரன்வேயை நோக்கி இறங்கும் பாதையில்) படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். ரன்வேயை நெருங்க நெருங்க, இந்த மைலில் இந்த உயரத்துக்குக் கீழே போகாதே என்று சார்ட்டில் (பாதை வரைபடத்தில்) போட்டிருக்கும். பைலட்டுகள் அந்த வரிசையில் ஒரு படி முன்னதாகவே இறங்கிக்கொண்டே வந்தார்கள். அடுத்த புள்ளிக்குரிய உயரத்தை இந்தப் புள்ளியிலேயே பிடித்தார்கள். 10 மைலில் இருக்க வேண்டிய உயரத்தைவிட ஆயிரம் அடிக்கும் மேல் கீழே இருந்தார்கள். தூரத்தையும் உயரத்தையும் தனித்தனியாகப் பார்த்தால் இந்தத் தவறு கண்ணில் படாது. இரண்டையும் ஜோடியாக வாய்விட்டுச் சொல்லி, இன்னொரு பைலட் சார்ட்டில் விரல் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

இதில் கன்ட்ரோலருக்கும் பங்கு உண்டு. விமானம் தன் உயரத்தை ரேடியோவில் சொன்னது. அந்த எண்ணைச் சார்ட்டோடு ஒப்பிட்டு, “நீங்கள் தாழ்வாக இருக்கிறீர்கள்” என்று யாரும் சொல்லவில்லை. மலையிலிருந்து விலகியிருப்பது போன்ற விஷயங்களில் பைலட்டின் வேலைக்குள் தலையிட அங்கிருந்த கன்ட்ரோலர்கள் சிலர் தயங்கினார்கள் என்று விசாரணையே பதிவு செய்தது. இந்தத் தயக்கம்தான் என்னை மிகவும் வருத்துகிறது. ரேடார் இல்லாத இடத்தில் பைலட் சொல்லும் எண்தான் கன்ட்ரோலரின் கண். அதைக் கேட்டு “ரோஜர்” (கேட்டுக்கொண்டேன்) என்று மட்டும் சொன்னால் அந்தக் கண்ணை மூடிக்கொண்டது போலத்தான். எதிரே இருப்பவர் எவ்வளவு சீனியர் கேப்டனாக இருந்தாலும் கேட்டுவிட வேண்டும்.

தாய் ஏர்வேஸ் விபத்தில் வேறொரு தவறு. ஃபிளாப்பில் (மெதுவாக இறங்க உதவும் இறக்கைப் பகுதியில்) கோளாறு வந்து சரியானது. தெற்கே திரும்பிப் போய் மறுபடி அப்ரோச்சைத் தொடங்கலாமா என்று கேப்டன் திரும்பத் திரும்பக் கேட்டார்; தெளிவான பதில் கிடைக்கவில்லை. இந்தக் குழப்பத்துக்கு நடுவே விமானம் ஒரு முழு வட்டம் அடித்து, நிலையத்தைத் தாண்டி வடக்கே இமயமலையை நோக்கிப் போனது. 11,500 அடியில் மோதியது. அது தெற்கே இருக்கிறது என்றே டவர் நினைத்திருந்தது. டிஎம்இ என்ற கருவி நிலையத்திலிருந்து உள்ள தூரத்தைத்தான் காட்டும். ஐந்து மைல் வடக்கும் ஐந்து மைல் தெற்கும் அதற்கு ஒன்றே. ஆகவே தூரத்தை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. எந்த ரேடியல் (நிலையத்திலிருந்து எந்தத் திசைக் கோட்டில்), எந்த ஹெட்டிங் (விமானத்தின் மூக்கு எந்தத் திசையில்), நிலையத்தை நோக்கியா விலகியா என்றும் கேட்க வேண்டும்.

“அப்ரோச்சுக்கு அனுமதி” என்ற சொல்லைத் தாராளமாக அர்த்தம் செய்துகொள்வதும் ஆளைக் கொல்லும். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் டல்லஸில் இறங்கவிருந்த டிடபிள்யூஏ 514 விமானம், நிலையத்திலிருந்து 44 மைல் தள்ளி இந்த அனுமதியைப் பெற்றது. உடனே 1,800 அடிக்கு இறங்கலாம் என்று பைலட்டுகள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் மவுண்ட் வெதர் என்ற மலை இருந்தது. 92 பேர் இறந்தார்கள். விமானம் இன்னும் அப்ரோச் பாதையில் சேராதபோது அனுமதி கொடுத்தால், எதுவரை எந்த உயரத்தைப் பிடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பைலட் கேட்க வேண்டும்.

குறுக்கு வழி இன்னொரு பொறி. 1995 டிசம்பர் 20 இரவு, கொலம்பியாவின் காலி நகரத்துக்கு வந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965-க்கு நேராக உள்ளே வரும் ரன்வேயைக் கொடுத்தார்கள். அவசர அவசரமாக இறங்க ஆரம்பித்தார்கள். ரேடாரும் இல்லை. “காலி வரை அனுமதி” என்பதை நேரே காலிக்குப் போகலாம் என்று புரிந்துகொண்டு, நடுவில் இருந்த துலுவா புள்ளியைக் கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டார்கள். பிறகு ரோஸோ என்ற இடத்துக்காக ‘ஆர்’ எழுத்தைத் தட்டியபோது, விமானம் பொகோட்டா பக்கத்திலுள்ள வேறொரு பீக்கனை (வழிகாட்டும் ரேடியோ நிலையத்தை) நோக்கித் திரும்பியது. மலையில் மோதி 159 பேர் இறந்தார்கள். பைலட்டுகள் கேட்டது பொருந்தவில்லை என்று கன்ட்ரோலருக்குத் தோன்றியிருந்தது; ஸ்பானிஷ் பேசுகிறவர்களாக இருந்தால் அதைச் சொல்லியிருப்பேன் என்றார் பின்னர். ஆங்கிலம் வரவில்லை என்றால், “எங்கே இருக்கிறீர்கள், என்ன உயரம்” என்ற இரண்டு கேள்வி போதும்.

அப்புறம் ஆல்டிமீட்டர், அதாவது உயரங்காட்டி. அதில் வைக்கும் உள்ளூர்க் காற்றழுத்த அளவான கியூஎன்ஹெச்சில் ஒரு ஹெக்டோபாஸ்கல் (அழுத்த அலகு) பிசகினால் உயரத்தில் சுமார் 27 அடி தவறு வரும். 2022 மே மாதம் பாரிஸில் 1001-க்குப் பதில் 1011 என்று சொல்லப்பட்டு, ஒரு ஏ320 விமானம் ஆல்டிமீட்டர் காட்டிய உயரத்தைவிட ஏறக்குறைய 280 அடி தாழ்வாக வந்தது. தரையைத் தொடும் முன் மறுபடி மேலேறியதால் தப்பியது. கடுங்குளிரிலும் இதே கதைதான்: காற்று அடர்ந்துவிடுவதால் விமானம் ஆல்டிமீட்டர் காட்டுவதைவிடத் தாழ்வாக இருக்கும். அதற்கான திருத்தத்தைச் சேர்க்காமல் இறங்கக் கூடாது.

கடைசியாக கோ-அரவுண்ட், அதாவது இறங்காமல் மறுபடி மேலேறுவது. இறங்க முடியாதபோது எந்தப் பக்கம் திரும்பி எவ்வளவு ஏற வேண்டும் என்பதை இறங்கத் தொடங்கும் முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். மலை நிலையங்களில் வழக்கமான 2.5 சதவீத ஏற்றம் (100 அடி முன்னே போனால் 2.5 அடி ஏறுவது) போதாமல் போகலாம். எடையையும் வெப்பத்தையும் வைத்து, ஒரு என்ஜினில் அது முடியுமா என்று தரையிலேயே கணக்குப் போட்டு வர வேண்டும். அந்த நேரத்தில் கன்ட்ரோலரும் சார்ட்டில் இல்லாத திருப்பம் எதையும் கொடுக்கக் கூடாது. கொடுத்தே ஆக வேண்டுமென்றால், அந்தத் திசையில் பாதுகாப்பான குறைந்தபட்ச உயரத்தைப் பார்த்த பிறகுதான்.