ஆண்டிறுதி நன்கொடையும் 80ஜி சலுகையும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வருமான வரி ஆலோசகராக இருக்கிறேன். நன்கொடைத் தொகையை முழுதாகவோ பாதியாகவோ வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள இடம் தருவதுதான் வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு. இந்த மார்ச் மாதக் கடைசி வாரத்தில், எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பயிற்சியாளர் ஒருவர் தொலைபேசியில் ஒரு வாடிக்கையாளரிடம், "முப்பத்தொண்ணாம் தேதி போட்டு செக் குடுத்துடுங்க சார், தேதி இருந்தா போதும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். 2006-இல் நானும் இதே சொற்களைச் சொல்லியிருக்கிறேன். அதனால் விளைந்தது இன்றும் நினைவில் இருப்பதால் இதை எழுதுகிறேன். ரசீது வாங்க வேண்டும், அதைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததே, அவற்றை விட்டுவிடுகிறேன்.

டிசம்பரை ஆண்டிறுதி என்று எண்ணுவது

நம் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. டிசம்பர் 31 என்பது வேறு நாடுகளின் கணக்கு.

கடைசி நாள் காசோலை

எம்.சி. சாலையில் ஜவுளிக் கடை வைத்திருந்த ஒருவர், 2006 மார்ச் 31 அன்று மாலை ஒரு குழந்தைகள் இல்லத்திற்கு 25,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்தார், யோசனை என்னுடையது. இல்லத்தின் பொறுப்பாளர் அதைப் பத்து நாள் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, வங்கியில் செலுத்தி, பணம் வந்த பிறகு ஏப்ரல் தேதியிட்டு ரசீது தந்தார். நான் அதை முந்தைய ஆண்டின் கணக்கிலேயே கோரினேன். விசாரணையில் அதிகாரி ரசீதின் தேதியைச் சுட்டிக்காட்டிக் கழிவை மறுத்தார். காசோலை பின்னர் பணமாகிவிட்டால், அது கையில் கொடுக்கப்பட்ட நாளிலேயே தொகை செலுத்தப்பட்டதாகக் கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் 1954-இல் ஓகலே கண்ணாடி நிறுவன வழக்கில் சொல்லியிருக்கிறது. அது அன்று எனக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் வாதாடியிருப்பேன். கடைக்காரர் ஒன்றும் சொல்லாமல் வரியைக் கட்டினார். அடுத்த ஆண்டு அந்த இல்லத்திற்கு அவர் எதுவும் கொடுக்கவில்லை. வரி போனதைவிட அதுதான் என்னை இன்றளவும் உறுத்துகிறது.

இன்றைக்கு அந்தத் தீர்ப்பு தெரிந்திருந்தாலும் போதாது. 2021-22 நிதியாண்டிலிருந்து, நன்கொடை பெறும் அறக்கட்டளை ஒவ்வொரு நன்கொடையையும் கொடுத்தவரின் பான் எண்ணோடு 10பிடி என்னும் படிவத்தில் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆண்டு முடிந்து மே 31-க்குள் அதைத் தாக்கல் செய்து, 10பிஇ என்னும் சான்றிதழை நன்கொடையாளருக்கு வழங்க வேண்டும். அந்தச் சான்றிதழில் உள்ள எண்ணை ரிட்டர்னில் குறிப்பிட வேண்டும். ஆகவே நீங்கள் எந்த ஆண்டில் கொடுத்தீர்கள் என்பதை நடைமுறையில் முடிவு செய்வது அறக்கட்டளையின் பதிவேடுதான்.

மணலியில் வேலை பார்க்கும் பொறியாளர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். 2022-23-இல் அவருடைய மொத்த வருமானம், வீட்டுக் கடன் வட்டியைக் கழித்த பின் 12 லட்சம் ரூபாய்; சேமிப்பு, காப்பீடு போன்றவற்றுக்கான 80சி கழிவு 1.5 லட்சம் போக 10.5 லட்சம். ஒரு முதியோர் இல்லத்திற்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுக்க முடிவு செய்தார். பெரும்பாலான அறக்கட்டளைகளைப் போல அதுவும் பாதித் தொகைக்குக் கழிவு தரும் வகையைச் சேர்ந்தது. அவ்வகையில் சரிக்கட்டிய மொத்த வருமானத்தின், அதாவது மற்றக் கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தின், 10 விழுக்காடு வரையிலான நன்கொடையே கணக்கில் சேரும். அவருக்கு அந்த வரம்பு 1,05,000 ரூபாய் என்பதால் ஒரு லட்சம் முழுவதும் உள்ளே அடங்கியது. கழிவு 50,000, 30 விழுக்காட்டு வரியும் 4 விழுக்காட்டு மேல்வரியும் சேர்த்து 15,600 ரூபாய் மிச்சமாகியிருக்கும்.

2023 மார்ச் 31 வெள்ளிக்கிழமை. மாலை ஆறு மணிக்கு மேல் திருவொற்றியூரில் உள்ள இல்லத்திற்கு நேரில் சென்று காசோலையைக் கொடுத்தார். மறுநாள் வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்பு, அதற்கடுத்த நாள் ஞாயிறு. திங்களன்று செலுத்தப்பட்ட காசோலை அந்த வாரத்தில் பணமானது. இல்லம் ஏப்ரல் தேதியிட்டே ரசீது தந்து, நன்கொடையை 2023-24 கணக்கில் சேர்த்தது. ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வந்தபோது அவரிடம் சான்றிதழ் இல்லை. இல்லத்தின் கணக்கரோ தணிக்கை முடிந்துவிட்டது என்று மாற்ற மறுத்துவிட்டார். சரி, அடுத்த ஆண்டில் கோரிக்கொள்ளலாம் என்றால், அதற்குள் அவர் வீட்டுக் கடனை அடைத்து முடித்திருந்தார். கடன் வட்டி இல்லாத நிலையில் 2023-24-க்கு, விகிதம் குறைந்து பெரும்பாலான கழிவுகளும் இல்லாத புதிய வரிமுறையே அவருக்கு மிகவும் லாபமாக இருந்தது. புதிய முறையில் 80ஜி கழிவே கிடையாது. இந்தக் கழிவை ஓர் ஆண்டிலிருந்து இன்னோர் ஆண்டிற்கு எடுத்துச் செல்லவும் வழியில்லை. முதல் ஆண்டும் போயிற்று, இரண்டாம் ஆண்டும் போயிற்று. ஒரு வாரம் முன்னதாகக் கொடுத்திருந்தால் இந்த 15,600 ரூபாய் அவர் கையில் இருந்திருக்கும். அவர் அதையும் அந்த முதியோருக்கே தந்திருப்பார் என்பதை நான் அறிவேன்.

ஆகவே எங்கள் அலுவலகத்தில் காசோலைக்கு மார்ச் 20 கடைசி நாள். அதற்குப் பிறகு வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புவது மட்டுமே. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து எல்லா நாட்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது, யுபிஐயும் அப்படியே. ஆயினும் 31-ஆம் தேதி இரவு பதினொன்றரை மணிக்கு அனுப்பி, திரையில் "நிலுவையில் உள்ளது" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? பணம் அறக்கட்டளையின் கணக்கில் சேர்ந்த தேதியைப் பார்த்து, ரசீதின் நகலை ஏப்ரல் முதல் வாரத்திலேயே கேட்டு வாங்குங்கள்.

எந்த முறையில் வரி கட்டுகிறோம் என்று பார்க்காமல் கொடுப்பது

2023-24 முதல் புதிய முறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டுமானால் நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும். அதை ரிட்டர்னின் கெடுவுக்குள் செய்ய வேண்டும். இந்த முடிவை எடுத்த பின்னரே நன்கொடையின் வரிப் பயனைக் கணக்கிடுங்கள்.

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம்

கழிவு இல்லை.

பொருளாகக் கொடுத்துவிட்டுக் கழிவு கேட்பது

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு கச்சா எண்ணெயும் புகுந்தது. பாய், போர்வை, சேலை, பால் பவுடர் என்று இந்தப் பக்கத்து வியாபாரிகள் வண்டி வண்டியாக அனுப்பினார்கள். அதைச் செய்தவர்களை நான் மதிக்கிறேன். மார்ச் மாதத்தில் அவர்களில் சிலர் போர்வைக்கான பில்லை எடுத்துக்கொண்டு வந்தபோதுதான் சங்கடமாயிற்று, ஏனெனில் 80ஜி பணமாகக் கொடுத்த தொகைக்கு மட்டுமே பொருந்தும். அதே நாட்களில் முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு வங்கி வழியாக அனுப்பியவர்களுக்கு, வரம்பு எதுவுமின்றி முழுத் தொகைக்கும் கழிவு கிடைத்தது. அவசரத்தில் பொருள்தான் தேவை என்றால் பொருளையே கொடுங்கள்; வரியை அதனோடு சேர்த்து எண்ண வேண்டாம்.

கோயில் திருப்பணி எல்லாவற்றுக்கும் 80ஜி உண்டு என்று நம்புவது

கும்பாபிஷேகத் திருப்பணிக்குக் கொடுக்கும் பணத்திற்கு, அந்தக் கோயிலை மத்திய அரசு இதற்கென அறிவித்திருந்தால் மட்டுமே கழிவு உண்டு. மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் 2017-இல் அவ்வாறு அறிவிக்கப்பட்டது. உங்கள் தெருக் கோயில் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதைக் கொடுக்கும் முன் கேளுங்கள்.

பழைய அங்கீகார எண்

ரசீதின் அடியில் அச்சிட்ட 80ஜி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். 2021-க்குப் பின் அறக்கட்டளைகள் புதிதாகப் பதிவு செய்ய வேண்டியிருந்தது. முறையான அங்கீகாரம் ஐந்து ஆண்டுகளுக்கும், தற்காலிக அங்கீகாரம் மூன்று ஆண்டுகளுக்கும் மட்டுமே செல்லும். பழைய ரசீதுப் புத்தகம் தீரும் வரை பழைய எண்ணையே கொடுக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பணம் கொடுக்கும் நாளில் அங்கீகாரம் நடப்பில் இருக்க வேண்டும்.

மனைவி கணக்கிலிருந்து பணம், கணவர் பெயரில் ரசீது

கூடாது. யார் வருமானத்தில் கழிவு கோருகிறீர்களோ அவர் கணக்கிலிருந்தே பணம் செல்லட்டும்.

அறக்கட்டளை தானாகவே சரியாகத் தெரிவித்துவிடும் என்று விட்டுவிடுவது

10பிடி தாமதமானால் அறக்கட்டளைக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் உண்டு. ஆனால் ஜூலையில் சான்றிதழ் எண் இல்லாமல் தவிப்பவர் நன்கொடையாளர். தாக்கல் செய்த பின் பிழையைத் திருத்தலாம், அதற்கு அவர்கள் திருத்திய படிவத்தை மறுபடி அனுப்ப வேண்டும். சிறிய இல்லங்களில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருப்பதில்லை. எனவே ஏப்ரல் இரண்டாம் வாரத்திலேயே ஒவ்வோர் இல்லத்தையும் அழைத்து, பெயர், பான் எண், தொகை, தேதி ஆகிய நான்கையும் சரிபார்க்கிறோம். ஒரு முறை தொலைபேசியில் சொன்ன "பி" என்ற எழுத்து அங்கே "டி" என்று பதிவாகி, ஒரு பள்ளி ஆசிரியையின் நன்கொடை அவர் பெயரில் வராமலே போயிற்று. அதற்குப் பின் பான் எண்ணை வாய்மொழியாகச் சொல்வதில்லை. அட்டையின் படத்தையே வாட்ஸாப்பில் அனுப்பி, அவர்கள் தட்டச்சு செய்ததைத் திரும்ப அனுப்பச் சொல்கிறோம்.