அலாய் வீலில் படியும் கறுப்புத் தூசியைக் குறைக்க பிரேக் பேடை மாற்றுவது எப்படி

காரைக் கழுவித் துடைத்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, அதற்குள் முன்சக்கரம் இரண்டும் கறுத்துப் போகின்றன என்றால் சாலைப் புழுதியைத் திட்டிப் பயனில்லை. அது பிரேக்கிலிருந்து வருவது. சந்தேகமிருந்தால் சக்கரத்தின் உள்பக்க ஓரத்தை விரலால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். புழுதி என்றால் பழுப்பாகப் பொடியாக வரும், ஊதினால் பறந்துவிடும். பிரேக் தூசி விரல் ரேகைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும், வெயிலில் காட்டினால் நுண்ணிய மினுமினுப்பு தெரியும். அந்த மினுமினுப்பு இரும்பு. பேடிலிருந்து மட்டுமல்ல, அது அழுத்திப் பிடிக்கும், சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு டிஸ்க்கிலிருந்தும் சேர்ந்தே உதிர்வது. சூடாகப் பறந்து வந்து சக்கரத்தின் மேல்பூச்சில் ஒட்டி, தண்ணீர் பட்டதும் துருப்பிடித்து, பழுப்புப் புள்ளியாக அப்படியே தங்கிவிடும். பிரேக் போடும்போது வண்டியின் எடை முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான், அதனால்தான் முன்சக்கரம் அதிகம் கறுக்கிறது.

பேட் வாங்க ஓடுவதற்கு முன் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். இரண்டு முன்சக்கரமும் ஒரே அளவு கறுத்திருக்கின்றனவா? ஒன்று மட்டும் கன்னங்கரேல் என்று இருந்து மற்றது சுமாராக இருந்தால், பேடின் வகையைக் குற்றம் சொல்ல முடியாது. பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிபர் சரியாக விலகாமல், பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கிறது என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அதிகம் பிரேக் போடாமல் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்தி, சக்கரத்தின் அருகே கையைக் கொண்டுபோனால் (டிஸ்க்கைத் தொடவே கூடாது) ஒரு பக்கம் மட்டும் அனல் அடிப்பது தெரியும். காலிபர் நகர்ந்து கொடுக்க உதவும் கைடு பின் இறுகிப் போயிருக்கலாம், பேடைத் தள்ளும் பிஸ்டன் துருப்பிடித்திருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் எவ்வளவு உயர்ந்த பேட் போட்டாலும் அதுவும் தேய்ந்து தூசியாகத்தான் போகும், மைலேஜும் அடிபடும்.

இரண்டு பக்கமும் சமமாகக் கறுக்கிறது, பிரேக்கும் நன்றாகப் பிடிக்கிறது என்றால் அப்புறம் பேடின் வகையைப் பார்க்கலாம். ஜெர்மன் கார்களில் இந்தத் தொல்லை அதிகம், அதற்குக் காரணம் இருக்கிறது. வேக வரம்பே இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகளையும் மனதில் வைத்துச் செய்யப்படும் கார்கள் அவை. அதிவேகத்திலிருந்து நம்பி நிறுத்த வேண்டும் என்பதற்காக ‘லோ மெட்டாலிக்’ என்ற வகை பேடைப் போடுகிறார்கள். பெயரில் ‘லோ’ இருந்தாலும் அதில் எஃகு இழை உண்டு, டிஸ்க்கைச் சுரண்டித்தான் பிடிக்கும். பிடிப்பு அருமையாக இருக்கும், ஆனால் பேடும் தேயும், டிஸ்க்கும் தேயும், இரண்டும் சேர்ந்து உங்கள் அலாய் வீலில் வந்து உட்காரும். ஜப்பான், கொரியா கார்களில் பெரும்பாலும் வருவது ‘என்ஏஓ’ என்ற எஃகு இழை இல்லாத கலவை. அது டிஸ்க்கின் மேல் மெல்லிய படலமாகத் தன்னைப் பூசிக்கொண்டு, அந்தப் படலத்தோடு உரசிப் பிடிக்கும். தூசி குறைவு, சத்தமும் குறைவு. கடையில் ‘செராமிக் பேட்’ என்று விற்பது இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், செராமிக் இழை கலந்தது. அதன் தூசி அளவிலும் குறைவு, நிறமும் வெளிறியிருக்கும், சக்கரத்தில் அவ்வளவாக ஒட்டவும் செய்யாது.

அதனால் சின்ன ஜப்பானிய அல்லது கொரிய கார் வைத்திருப்பவர்கள், காரோடு வந்த கம்பெனி பேடே ஓடிக்கொண்டிருந்தால், செராமிக்குக்கு மாறிப் பெரிய வித்தியாசத்தை எதிர்பார்க்க வேண்டாம். ஜெர்மன் கார்காரர்களுக்கும், வெளியில் மலிவான மெட்டாலிக் பேட் மாட்டிவிட்டு அவதிப்படுபவர்களுக்கும்தான் இதில் நல்ல பலன். அவர்களும் இருக்கிற பேட் தேயும்வரை காத்திருந்து மாற்றலாம், நல்ல பேடைக் கழற்றிப் போட வேண்டியதில்லை.

வாங்கும்போது அட்டைப் பெட்டியில் ‘செராமிக்’ என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்பாதீர்கள், அந்தச் சொல்லுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட அளவுகோல் எதுவும் கிடையாது. பேடின் ஓரத்திலோ முதுகிலோ பொறித்திருக்கும் குறியீட்டைத் தேடுங்கள். கடைசியில் ‘எஃப்எஃப்’ (FF), ‘ஜிஜி’ (GG) என்று இரண்டு எழுத்து இருந்தால், முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள பிடிப்பையும் இரண்டாவது எழுத்து நன்றாகச் சூடேறிய பிறகு உள்ள பிடிப்பையும் சொல்கிறது. இ (E) என்றால் உராய்வுக் குணகம், அதாவது பிடிப்பின் அளவு, 0.25 முதல் 0.35 வரை, எஃப் என்றால் 0.35 முதல் 0.45 வரை, ஜி என்றால் 0.45 முதல் 0.55 வரை. பழைய பேடில் இருந்த எழுத்துக்குக் கீழே இறங்காதீர்கள். தூசிக்காகப் பிரேக்கை விட்டுக்கொடுப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஐரோப்பிய ஆர்90 சான்று பெற்ற பேட் என்றால் கம்பெனி பேடின் பிடிப்பிலிருந்து அதிகம் விலகாது என்று சோதித்துத் தந்தது, ஜெர்மன் காருக்கு அதையே தேடுங்கள். அகெபோனோ, ஏடிஇ போன்ற பேட் கம்பெனிகளிடம் குறைந்த தூசிக்கென்றே தயாரித்த செராமிக் வரிசை இருக்கிறது. போலிச் சரக்கு அதிகம் நடமாடும் பொருள் இது, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் பில் போட்டு வாங்குங்கள். ஒரு அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே செட்டாகத்தான் மாற்ற வேண்டும். புது கிளிப், ஷிம் (பேடின் முதுகில் வைக்கும் மெல்லிய தகடு) பெட்டியிலேயே வருகிறதா, உங்கள் காரில் பேட் தேய்ந்ததைச் சொல்லும் சென்சார் வயர் இருந்தால் அதுவும் கிடைக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முன் பேடை வீட்டிலேயே மாற்றலாம், ஆனால் போல்ட் கழற்றிப் பழக்கம் இருக்க வேண்டும். பின்பக்கம் எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் ஸ்கேனர் வைத்து சர்வீஸ் மோடுக்குக் கொண்டுபோன பிறகே கை வைக்க வேண்டும், சிலவற்றில் பிஸ்டனைச் சுழற்றித்தான் உள்ளே தள்ள முடியும். பின்பக்கத்தை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வீல் நட்டைத் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டு ஜாக்கி போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் கட்டாயம், அதை வைத்த பிறகே சக்கரத்தைக் கழற்றுங்கள். மாஸ்க் போட்டுக்கொண்டு, பிரேக் கிளீனர் அடித்துத் தூசியை நனைத்துத் துடையுங்கள். ஏர் அடித்து ஊதுவதைப் பல இடங்களில் பார்க்கலாம், அந்தத் தூசி நேராக நுரையீரலுக்குப் போகும். கைடு பின் போல்ட்டைக் கழற்றி காலிபரை எடுத்ததும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கக் கூடாது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவைத்து, பழைய பேடையே பிஸ்டன்மேல் வைத்து சி கிளாம்ப்பால் மெதுவாகத் தள்ளுங்கள். ஆயில் மட்டம் மேலே ஏறும், வழிவதற்கு முன் சிரிஞ்சால் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பெயின்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்துவிடும். கைடு பின்னைத் துடைத்து சிலிக்கான் பிரேக் கிரீஸ் தடவுங்கள். சாதாரண கிரீஸ் போட்டால் ரப்பர் உப்பிப் பின் இறுகிவிடும், முதலில் சொன்ன ஒருபக்கக் கறுப்புக்கு அதுவே காரணமாகிவிடும்.

அடுத்ததுதான் பலரும் தாண்டிப் போகிற இடம், டிஸ்க். பழைய மெட்டாலிக் பேட் விட்டுப்போன படலமும் கோடுகளும் அதன்மேல் இருக்கும். அதன்மேலேயே செராமிக் பேடை மாட்டினால் புதுப் படலம் ஒழுங்காகப் படியாது, கிறீச்சென்று சத்தம் வரும், தூசியும் நினைத்த அளவு குறையாது, கடைசியில் ‘செராமிக் எல்லாம் ஏமாற்று’ என்ற முடிவுக்கு வருவார்கள். டிஸ்க்கின் ஓரத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். தேயாத விளிம்பு தடித்து நின்றால் தடிமனை அளக்க வேண்டும். குறைந்தபட்ச அளவு டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், அதை நெருங்கிவிட்டால் பேடோடு டிஸ்க்கையும் மாற்றுங்கள். தடிமன் போதும், லேசான கோடுகள்தான் என்றால் 100 அல்லது 120 நம்பர் உப்புத்தாளால் இரண்டு பக்கமும் வட்ட வட்டமாகத் தேய்த்து, பளபளப்புப் போய் ஒரே சீராக மங்கியதும் பிரேக் கிளீனரால் துடையுங்கள். ஆழமான கோடு இருந்தால் லேத்தில் கொடுத்து மட்டம் தட்டலாம், அதற்குப் பிறகும் அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு மேலே இருக்க வேண்டும்.

பேடை மாட்டி, போல்ட்டை எல்லாம் உங்கள் கார் மேனுவலில் சொல்லியிருக்கும் டார்க் (முறுக்கு விசை) அளவுக்கு முடுக்கி, சக்கரம் போட்டு இறக்கியதும் எஞ்சினை ஸ்டார்ட் செய்து பெடலைப் பல முறை மெதுவாக மிதியுங்கள். முதல் மிதிகளில் பெடல் தரைவரை போகும், கெட்டியானதும்தான் வண்டியை நகர்த்த வேண்டும். ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியைப் போடுங்கள்.

இப்போது பேடைப் பதப்படுத்த வேண்டும், அதாவது டிஸ்க்கின்மேல் புதுப் படலம் சீராகப் படியவைக்க வேண்டும். கூட்டமில்லாத சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரை, சடன் பிரேக் போடாமல் சீரான அழுத்தத்தில் குறையுங்கள், முழுசாக நிறுத்தாமல் மறுபடி வேகமெடுங்கள். எட்டுப் பத்து முறை இப்படிச் செய்துவிட்டு, முடிந்தவரை பிரேக்கைத் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். சூடான நிலையில் பெடலை மிதித்துக்கொண்டு சிக்னலில் நின்றால் அந்த இடத்தில் மட்டும் படலம் தடித்து, பிறகு பிரேக் போடும்போதெல்லாம் ஸ்டீயரிங் உதறும். பெட்டியில் பேட் கம்பெனிக்காரர்கள் வேறு முறை சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

ஆரம்பத்தில் சில நூறு கிலோமீட்டர் தூசி அதிகமாகவே வரும், பயப்பட வேண்டாம். அது அடங்கியதும் சக்கரத்தில் ஏற்கெனவே ஊறிய பழுப்புப் புள்ளிகளை இரும்புத் துகள் கரைக்கும் கிளீனரால் எடுங்கள். சக்கரம் ஆறியிருக்க வேண்டும், நிழலில் அடிக்க வேண்டும். இரும்பு இருக்கும் இடமெல்லாம் ஊதா நிறமாக வழியும், காயவிடாமல் கழுவிவிட்டு மெழுகு பூசினால் இனி படிவதைக் கழுவுவது எளிதாகும்.

செராமிக் பேட் காலையில் குளிர்ந்திருக்கும்போது முதல் மிதியில் சற்று மென்மையாகப் பிடிப்பதுபோல் தோன்றலாம். சமவெளியில் இது பழகிவிடும். ஆனால் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாகவோ ஆள், சாமான் ஏற்றி அடிக்கடி இறங்குபவர் என்றால், கம்பெனி கொடுத்த பேடிலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன், சக்கரம் கறுத்தால் கழுவிக்கொள்ளலாம். எந்தப் பேடாக இருந்தாலும் இறக்கத்தில் இரண்டாவது கியரில் எஞ்சின் பிடித்துக்கொள்ளும்படி இறங்கினால் பிரேக்கும் அவ்வளவாகச் சூடாகாது, தூசியும் குறையும்.