நம்ம கடலோரத்துப் பையன் வேகமாகப் பந்து போடுகிறானா? 19 வயது வரை அவனை உடையாமல் கொண்டுபோவது எப்படி

ராமநாதபுரம் கடலோரத்தில் தொண்டியில் இருந்து மூக்கையூர் வரை எந்த ஊர்ப் பொட்டலில் போய் நின்றாலும் வேகமாகப் பந்து போடுகிற பையன் ஒருவன் கண்ணில் படுவான். 14, 15 வயது இருக்கும், ஒல்லியாக இருப்பான், டென்னிஸ் பாலில் ஸ்டம்பைத் தெறிக்க விடுவான். அதே பையனை 20 வயதில் தேடிப் பாருங்கள், முதுகுவலி என்பார்கள், தோள் போச்சு என்பார்கள், இல்லாவிட்டால் இப்போது ஸ்பின் போடுகிறான் என்பார்கள். நடுவில் இருக்கிற அந்த ஐந்தாறு வருஷத்தில் என்ன செய்யவேண்டும், என்ன செய்யக்கூடாது என்பதைத்தான் எழுதுகிறேன். அப்பா, அண்ணன், பி.டி. வாத்தியார், டீம் கேப்டன், யாராக இருந்தாலும் சரி, கோச் இல்லாத ஊரில் உங்களால் இதைச் செய்ய முடியும்.

முதலில் வெஸ்ட் இண்டீஸைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம், ஏனென்றால் ஊரில் நடக்கிறதுதான் அங்கே ஒரு தேசத்து அணிக்கே நடந்தது. 1980 தொடக்கத்தில் நியூசிலாந்தில் தோற்ற பிறகு, 1995-ல் ஆஸ்திரேலியா வந்து ஜெயிக்கும் வரை அவர்கள் ஒரு டெஸ்ட் தொடரைக்கூட இழக்கவில்லை. ராபர்ட்ஸ், ஹோல்டிங், கார்னர், கிராஃப்ட், மார்ஷல், அப்புறம் ஆம்ப்ரோஸ், வால்ஷ், பிஷப் என்று ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறிக்கொண்டே இருந்தார். 405 விக்கெட்டோடு ஆம்ப்ரோஸ் 2000-லும், 519 விக்கெட்டோடு வால்ஷ் 2001-லும் போனார்கள். அதற்குப் பிறகு கீமார் ரோச் மாதிரி நல்ல பௌலர்கள் வந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான்கு பேர் சேர்ந்து நாள் முழுக்க அடிக்கிற அந்தக் கூட்டம் திரும்ப வரவே இல்லை.

பையன்கள் பாஸ்கெட்பாலுக்குப் போய்விட்டார்கள் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். ஆம்ப்ரோஸுக்கே சின்ன வயதில் பாஸ்கெட்பால்தான் பிடிக்கும், கிரிக்கெட்டுக்குத் தாமதமாக வந்துதான் அத்தனை விக்கெட் எடுத்தார், அதனால் அந்த ஒரு காரணத்தை நான் முழுசாக ஏற்கமாட்டேன். என் பார்வையில் அறுந்துபோனது நடுவில் இருந்த ஏணி. அந்தக் காலத்து வேகக்காரர்கள் எல்லாரும் இங்கிலாந்தின் உள்ளூர் அணிகளான கவுண்டிகளில் சீசன் முழுக்கப் பந்து போட்டவர்கள். மார்ஷல் ஹாம்ப்ஷையர், கார்னர் சோமர்செட், வால்ஷ் குளோஸ்டர்ஷையர், ஆம்ப்ரோஸ் நார்தாம்ப்டன்ஷையர். 1982-ல் ஒரே கவுண்டி சீசனில் மார்ஷல் எடுத்தது 134 விக்கெட். அப்படி ஓவர் ஓவராகப் போட்டு உடம்பு இறுகியது, எந்த பிட்ச்சில் எந்த இடத்தில் பந்தைக் குத்தவேண்டும் என்பதும் படிந்தது. இன்றைக்கு இளம் பௌலருக்குக் காசு ஒருவர் 4 ஓவர் மட்டுமே போடுகிற டி20 ஆட்டத்தில் இருக்கிறது, உள்ளூர் பிட்ச்சோ மந்தமாகக் கிடக்கிறது, நீண்ட ஸ்பெல் (ஒரே மூச்சில் தொடர்ந்து போடுகிற ஓவர்கள்) போட்டு வளர வழி இல்லை. 2025 ஜூலையில் கிங்ஸ்டனில் அந்த அணி 27 ரன்னுக்கு ஆல் அவுட் ஆனபோது எல்லாரும் பேட்டிங்கைத் திட்டினார்கள். நியாயம்தான். ஆனால் பழைய அணி மோசமான நாளிலும் பிழைத்ததற்குக் காரணம் பந்துவீச்சு.

திறமை அங்கே வற்றிவிடவில்லை. 2024 ஜனவரியில் பிரிஸ்பேனில் 68 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை 8 ரன்னில் சாய்த்தாரே ஷமார் ஜோசப், அவருடைய ஊர் கயானாவில் பராகாரா, ஆற்றில் படகேறித்தான் போகவேண்டும். சின்ன வயதில் பழத்தையும் பாட்டிலையும் பந்தாக்கிப் பழகினவர். ஆண்டி ராபர்ட்ஸ் ஆன்டிகுவா தீவில் மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலோரத்தில் வேகம் பிறக்கிறது, அதில் சந்தேகமே வேண்டாம். பிறந்த வேகத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதுதான் கேள்வி.

சரி, விஷயத்துக்கு வருவோம். முதல் வேலை எண்ணுவது. ஒரு நோட்டு வாங்கி, பையன் ஒவ்வொரு நாளும் முழு வேகத்தில் எத்தனை பந்து போட்டான் என்று எழுதுங்கள். மேட்ச் மட்டும் எழுதினால் போதாது, சாயங்காலம் பொட்டலில் சும்மா போட்டது, அண்ணன்மார் காஜி அடிக்க இவன் போட்டுக்கொடுத்தது, எல்லாமே கணக்குதான். இங்கிலாந்து போர்டு வேகப்பந்து வீசும் பிள்ளைகளுக்குப் பல வருஷம் வைத்திருந்த அளவு இது: 13 வயதுக்குட்பட்டவர்கள் ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், ஒரு நாளில் 10. 15 வயதுக்குட்பட்டவர்கள் 6, 12. அதற்கு மேல் 19 வரை 7, 18. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது, வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் கூடாது. நம்ம ஊரில் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இந்த அளவுக்குப் பக்கத்தில் போய்விடுகிறார்கள். ஆறு ஓவர் மேட்சில் இவன் இரண்டு ஓவர்தானே போட்டான் என்று தோன்றும், ஆனால் காலையில் இருந்து இருட்டும் வரை ஐந்து மேட்ச், பைக்கில் இருந்து இறங்கினதும் நேராக பந்தைக் கையில் கொடுக்கிறார்கள், உடம்பு சூடாகக்கூட விடுவதில்லை. அந்த 60 பந்தும் முழு வேகம்.

எண்ணுவதில் முக்கியமான மாதங்கள் ஏப்ரலும் மேயும். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகு கரையில் நிற்கும், ஆள்கள் ஊரில் இருப்பார்கள், பள்ளிக்கூடமும் லீவு, எல்லா ஊரிலும் கப் வைப்பார்கள். மார்ச்சில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டு ஒரு பந்துகூடப் போடாத பையன் மே முதல் வாரத்தில் தினமும் போடுகிறான். முதுகு உடைவது பெரும்பாலும் இப்படித் திடீரென்று ஏறுகிற பாரத்தால்தான். அதனால் மார்ச்சிலேயே, பரீட்சை நேரமாக இருந்தாலும், வாரத்துக்கு இரண்டு நாள் மூன்று மூன்று ஓவர் போடச் சொல்லுங்கள், ஏப்ரலில் வாரா வாரம் கொஞ்சம் கூட்டுங்கள். மே மாதம் எந்தக் கப்புக்குப் போவது, எதற்குப் போகாமல் விடுவது என்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிடுங்கள். கேப்டன் கோபிப்பார், சொந்தக்காரராகவே இருப்பார், பரவாயில்லை. விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போன நாளில் பந்து போடவே கூடாது. வலை இழுத்தால் முதுகும் தோளும் நன்றாகத் திரளும், அது வேகத்துக்கு நல்லதுதான், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் முதுகு தாங்காது.

அப்புறம் ஆக்‌ஷன். அதாவது பந்து போடுகிற விதம். இதற்கு நம்ம கரை கொடுக்கிற வசதி வேறு எங்கும் கிடைக்காது, கடல் வாங்கின நேரத்தில் தெரிகிற ஈர மணல். கால் புதையாத, இறுகின இடமாகப் பார்த்து, குச்சியால் கிரீஸ் கோடு போட்டு, பையனை முக்கால் வேகத்தில் ஒரு பந்து போடச் சொல்லிவிட்டு தடத்தைப் பாருங்கள். பின்கால் தடம் கோட்டுக்கு இணையாகக் கிடந்தால் அவன் பக்கவாட்டில் திரும்பிப் போடுகிறவன், விரல்கள் பேட்ஸ்மேனைப் பார்த்தால் நேர்முகமாகப் போடுகிறவன். இரண்டுமே சரிதான், எதையும் மாற்றவேண்டாம். ஆபத்து எங்கே என்றால், கால் நேராக நிற்க, தோள் மட்டும் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்வதில். இடுப்பு ஒரு பக்கம், தோள் ஒரு பக்கம் என்று உடம்பு பிழியப்படும்போது இடுப்பெலும்புக்கு மேலே உள்ள கடைசி இரண்டு முள்ளெலும்பில்தான் அந்த முறுக்கு இறங்கும். தடம் காலைக் காட்டும், தோளைக் காட்டாது, அதனால் அம்பயர் நிற்கும் இடத்தில் இருந்து போனில் ஸ்லோமோஷனில் எடுத்து இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பின்கால் தரையைத் தொடும்போது தோள் எங்கே இருக்கிறது, முன்கால் இறங்கும்போது தோள் இன்னும் பின்னால் போகிறதா? போகிறது என்றால் திருத்தவேண்டும், அதுவும் மேட்ச் இல்லாத மாதத்தில், மெதுவாக நடந்துவந்து போடவைத்து. முன்கால் தடத்தையும் விடாதீர்கள். வலது கைக்காரனுக்கு அது பின்கால் தடத்தைத் தாண்டி வலது பக்கம் ரொம்பக் குறுக்கே விழுந்தால், அந்தக் காலைச் சுற்றி உடம்பை வளைத்துத்தான் பந்தை விடவேண்டி வரும். முதுகுக்கு அதுவும் கேடு.

ஈர மணல் பார்ப்பதற்கு மட்டும்தான். முழு வேகத்தில் தினமும் மணலில் போட்டுப் பழகினால் முன்கால் புதைந்து முட்டி மடங்கும், நிமிர்ந்த காலில் இருந்து கிடைக்கிற வேகம் போய்விடும். ஓடுவதற்கு மணல் அருமை, பந்து போட கெட்டித் தரை. அதற்காகக் கோடையில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த கண்மாய்ப் பொட்டலில் வெறுங்காலோடு போடவும் விடாதீர்கள், முன்கால் இறங்கும்போது உடம்பு எடையைப்போலப் பல மடங்கு அடி அந்தக் காலில் விழுகிறது. வீட்டில் காசு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் பேட்டை விட்டுவிட்டு ஷூ வாங்குங்கள், குதிகால் மெத்தென்று இருக்கவேண்டும்.

டென்னிஸ் பாலில் இருந்து ஸ்டிச் பாலுக்கு (தையல் போட்ட தோல் பந்துக்கு) மாறுவதில்தான் நம்ம பையன்கள் பாதிப்பேர் காணாமல் போகிறார்கள். டென்னிஸ் பால் லேசு. கையை வெடுக்கென்று உதறினால் வேகம் வந்துவிடும், முழங்கை மடங்கி மாங்கா அடிக்கிற பழக்கமும் அதில்தான் ஒட்டிக்கொள்கிறது. பெரியவர்கள் ஆடுகிற கிரிக்கெட் பந்து 156-ல் இருந்து 163 கிராம், அதை அப்படி உதறினால் தோள் தாங்காது. 13 வயதுக்குட்பட்டவர்களுக்கு 133 முதல் 144 கிராம் வரை சின்னப் பந்து இருக்கிறது, அதில் ஆரம்பியுங்கள். வேகம் போடுகிற பெண் பிள்ளை இருந்தால், இருக்கிறார்கள், பெண்கள் பந்து 140 முதல் 151 கிராம். முதல் மாதம் வாரத்தில் ஒரு நாள் ஸ்டிச் பால், அடுத்த மாதம் இரண்டு நாள், அந்த நாள்களில் டென்னிஸ் பாலைத் தொடவே வேண்டாம். முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக்கூடாது என்பது விதி, கண்ணால் அளக்க முடியாது, ஆனால் பக்கவாட்டில் இருந்து எடுத்த வீடியோவில் சந்தேகம் வந்தால் 14 வயதிலேயே சரிபண்ணிவிடலாம். சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பால் ஆடி வளர்ந்த நடராஜனுக்கு, 2015-ல் தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடத் தொடங்கின பிறகுதான் ஆக்‌ஷன் மேல் சந்தேகம் கிளம்பியது. அதை மாற்றிக் கட்டி, 2020 டிசம்பரில் இந்தியாவுக்கு ஆடினார். அந்த உழைப்பு எல்லாருக்கும் வாய்க்காது, முன்னாலேயே பார்த்துவிடுவது நல்லது.

இலங்கையின் மலிங்காவைப் பார்த்துக் கையைப் பக்கவாட்டில் சுழற்றுகிற பையன்கள் நம்ம பக்கம் நிறைய. அவரும் காலிக்குப் பக்கத்தில் கடலோர ஊர்க்காரர்தான். ஆனால் அவர் ஆடிய டெஸ்ட் 30, 2011-லேயே உடம்பு ஒத்துழைக்காமல் டெஸ்டை விட்டுவிட்டார். யார்க்கரை (பேட்ஸ்மேன் காலடியில் விழுகிற பந்தை) அவரிடம் கற்றுக்கொள்ளுங்கள், கையை விட்டுவிடுங்கள்.

காற்றையும் பயன்படுத்தவேண்டும். மேற்கில் இருந்து கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் மண்டபம், பாம்பன் பக்கம் ஒரு முனையில் இருந்து போட்டால் ஆளையே தள்ளும், எதிர்முனையில் ரன்-அப் எடுத்து ஓடவே முடியாது. எல்லாப் பையனும் காற்று முதுகில் அடிக்கிற பக்கத்தையே கேட்பான். வாரத்தில் ஒரு நாள் எதிர்க்காற்றில் போடவையுங்கள், வேகத்தைக் குறைத்து, தையலை நேராக நிறுத்தி, ஓவரையும் குறைத்து. இது ஒன்றும் தண்டனை இல்லை, பெரிய மைதானத்தில் சின்னப் பௌலருக்குக் கிடைக்கப்போவது அந்த முனைதான்.

17 வயதுக்கு மேல் நேர்மாறான கவலை வரும். அதுவரை காப்பாற்றின உடம்பை இப்போது உழைக்கவைக்கவேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ஓவர்க்காரனாகவே நின்றுவிடுவான். ஒரே நாளில் ஐந்து ஓவர், கொஞ்சம் ஓய்வு, நான்கு ஓவர், மறுபடி ஓய்வு, மூன்று ஓவர் என்று கூட்டிக்கொண்டே போங்கள். கடைசி மூன்று ஓவரின் வேகம் முதல் ஓவரை விட எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள், நான் பையனை எடைபோடுவது அதை வைத்துத்தான், முதல் பந்தை வைத்து இல்லை.

வலி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வலது கைக்காரனுக்கு இடது பக்கம், பெல்ட் கட்டுகிற இடத்தில் வலித்தால், எந்தப் பக்கம் வலிக்கிறதோ அந்தக் காலில் மட்டும் நின்று பின்னால் வளையச் சொல்லுங்கள். அப்போது சுருக்கென்று குத்தினால் அன்றே பந்துவீச்சை நிறுத்தவேண்டும். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு ஃபைனல் ஆடவைக்கக் கூடாது. ஆரம்ப விரிசல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி எலும்பு டாக்டரிடம் கேளுங்கள். விரிசல் என்றால் மாதக்கணக்கில் ஓய்வு, அதோடு வாழ்க்கை முடிந்தது என்று அர்த்தம் இல்லை. ஆஸ்திரேலியாவின் பேட் கம்மின்ஸ் 18 வயதில், 2011-ல், முதல் டெஸ்டிலேயே ஒரு இன்னிங்ஸில் 6 விக்கெட் எடுத்தார், முதுகு போனது, அடுத்த டெஸ்ட் ஆடியது 2017-ல் ராஞ்சியில். 1973-ல் முதுகெலும்பு முறிந்து திரும்பி வந்த ஆஸ்திரேலிய வேகக்காரர் டென்னிஸ் லில்லிதான் பின்னாளில் சென்னையில் எம்ஆர்எஃப் பேஸ் பவுண்டேஷன் என்ற வேகப்பந்துப் பயிற்சிப் பள்ளியில் நம்ம பையன்களுக்கு சொல்லிக்கொடுத்தார்.

மாவட்டத் தேர்வுகள் 14, 16, 19 வயதுக்குட்பட்டவர்கள் என்று நடக்கும். போகும்போது அந்த நோட்டையும் போனில் எடுத்த வீடியோவையும் கொண்டுபோங்கள், பார்க்கிற கோச்சுக்கு ஒரு வருஷத்துக் கதை அதில் இருக்கும். 16 வயதுப் பிரிவில் எலும்பு வயது பரிசோதனை உண்டு, அதனால் வயதைக் குறைத்துக் காட்டலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். தேர்வு அறிவித்த பிறகு திருத்த ஓடினால் நேரம் பத்தாது.