கூடே கட்டாத பறவையின் கூட்டைக் கண்காணிப்பது எப்படி?

வேல்ஸின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஸ்கோமர் தீவில், கில்லிமாட் என்ற கடற்பறவையை 1972 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். தொடங்கியவர் பறவையியலாளர் டிம் பர்க்ஹெட். இந்தப் பறவை கூடு கட்டாது. செங்குத்துப் பாறையின் விளிம்பில், வெறுங்கல்லின் மேல் ஒரே ஒரு முட்டை இடும். நெரிசலான இடத்தில் சதுர மீட்டருக்கு 20 ஜோடிகூட இருக்கும். இதில் எத்தனை ஜோடி குஞ்சை வெற்றிகரமாக வளர்த்தன என்று எப்படிக் கணக்கெடுப்பது?

1. எதிர்ப் பாறையில் ஓர் இடம் பிடித்து, பருவம் முடியும்வரை அங்கேயே உட்காருங்கள். கிட்டே போகும் ஆசை வேண்டாம். பறவைகள் மிரண்டு எழுந்தால் முட்டை உருண்டு விழும், மிச்சத்தைக் கடற்காகம் கொத்திக்கொண்டு போகும்.

2. பாறையைப் படமெடுத்துப் பெரிதாக அச்சிட்டு, ஒவ்வொரு ஜோடியின் இடத்துக்கும் எண் போடுங்கள். பறவையை அடையாளமாக வைக்காதீர்கள், அது நகரும். கல்லின் வெடிப்பு நகராது.

3. முட்டையிடும் காலம் தொடங்குமுன்பே ஆரம்பித்து, தினமும் அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள் எல்லா எண்களையும் பாருங்கள்.

இனிதான் பொறுமை. முட்டை எளிதில் கண்ணில் படாது. அடைகாக்கும் பறவை அதைக் கால்மேல் ஏந்தி, இறக்கைகளைச் சற்றுத் தளர்த்தி, கூன் விழுந்ததுபோல் உட்கார்ந்திருக்கும். அது எழுந்து முட்டையைத் திருப்பும் அந்த ஒரு நொடிக்காகத் தொலைநோக்கியில் கண்ணை வைத்துக் காத்திருக்க வேண்டும். முட்டையைப் பார்த்தால் 'முட்டை' என்று எழுதுங்கள். பார்க்கவில்லையா? 'அடை நிலை' என்று மட்டும். நேற்று இருந்ததே, இன்றும் இருக்கும் என்று நிரப்பிவிடாதீர்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான்.

சுமார் 32 நாளில் குஞ்சு பொரிக்கும். ஒரு பக்க இறக்கை மட்டும் தாழ்ந்திருந்தால் அடியில் குஞ்சு இருக்கலாம். அலகில் ஒற்றை மீனோடு வருவது இன்னொரு துப்பு. மீனின் வால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

4. ஏறத்தாழ மூன்று வாரத்தில், பறக்கவே தெரியாத குஞ்சு அந்தி நேரத்தில் கடலில் குதித்துவிடும். அப்பா கூடவே போகும். குதிப்பதை நீங்கள் பார்ப்பது அபூர்வம். அதனால் 15 நாள் ஆன பிறகு காணாமல் போன குஞ்சைக் கரையேறியதாக, சரி, கடலேறியதாக வைத்துக்கொள்வது வழக்கம்.

5. கடைசியில் வகுத்தல்: முட்டையிட்ட ஜோடி 100, கடலேறிய குஞ்சு 70 என்றால் விடை ஜோடிக்கு 0.70 குஞ்சு. முதல் முட்டையை இழந்த ஜோடி இரண்டு வாரம் கழித்து மறுபடி இடலாம். அப்புறமும் அது ஒரே ஜோடிதான், புது எண் போடாதீர்கள்.