ரோமானியக் கண்ணாடி: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ரோமானியக் கண்ணாடி என்றதும் பலரும் ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி சொன்ன கதையில் தொடங்குகிறார்கள். இன்றைய இஸ்ரேலில் உள்ள பெலஸ் ஆற்றங்கரையில் வணிகர்கள் நேட்ரான் என்ற உப்பின் கட்டிகளை அடுப்புக்கல்லாக வைத்துச் சமைக்க, மணல் உருகிக் கண்ணாடியாக ஓடியதாம். இதை வரலாறாக எழுதிவிடாதீர்கள். கண்ணாடி உருகச் சுமார் 1000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு வேண்டும், அதுவும் நெடுநேரம். சமையல் அடுப்பில் அது நடக்காது.

கதையில் வரும் பொருள்கள் மட்டும் சரியானவை. எகிப்தின் வாடி நட்ருன் ஏரிகளில் படிந்த சோடா உப்புதான் நேட்ரான். மணலைக் குறைந்த சூட்டில் உருகவைப்பது அதன் வேலை. 'மணலும் நேட்ரானும்' என்று அதோடு நிறுத்துவது அடுத்த தவறு. அவை மட்டும் சேர்ந்த கண்ணாடி தண்ணீரில் கரையும். அதைத் தடுப்பது சுண்ணாம்பு. பெலஸ் மணலில் கிளிஞ்சல் துகள்கள் கலந்திருந்ததால் சுண்ணாம்பு தானாகவே சேர்ந்தது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, ஒரே பட்டறையில் மணல் போய்க் குப்பி வந்ததாக நினைப்பது. உருக்குவது ஒரு தொழில், உருவம் கொடுப்பது வேறொரு தொழில். பெரிய தொட்டி உலைகளில் டன் கணக்கில் உருக்கி, ஆறியதும் உடைத்துக் கட்டிகளாகக் கப்பலேற்றினார்கள். தெற்கு பிரான்ஸின் ஆம்பியே தீவருகே மூழ்கிய ரோமானியக் கப்பலில் இப்படிப் பல டன் கட்டிகள் கிடைத்தன. நம் முசிறிக்கு வந்த சரக்குகளிலும் உருவம் தராத கண்ணாடியைப் பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வணிகக் கையேடு சேர்க்கிறது. ஆகவே ஓர் ஊரில் ஊதுபட்டறையின், அதாவது இளகிய கண்ணாடியைக் குழாயால் ஊதி உருவம் கொடுக்கும் பட்டறையின், கழிவு கிடைத்தால், அந்த ஊர் மணலில்தான் கண்ணாடி செய்தார்கள் என்று முடிவுகட்டக் கூடாது.

ஊதும் முறை ரோம் நகரில் பிறந்ததும் அல்ல. கிமு முதல் நூற்றாண்டில் சிரியா-பாலஸ்தீனப் பகுதியில் தோன்றியது. அப்புறமும் எல்லாம் ஊதப்படவில்லை. வெளியே விலா எலும்புபோல் வரிகள் ஓடும் கிண்ணத்தின் உட்புறத்தைச் சாய்த்துப் பாருங்கள்: சுற்றிச்சுற்றித் தேய்த்த கீறல்கள் தெரியும். சூட்டில் இளகிய தகட்டை அச்சின்மேல் படியவிட்டு, பிறகு தேய்த்து மெருகேற்றியது அது.

அருங்காட்சியகக் குப்பிகளின் வானவில் மினுமினுப்பும் கைவேலை இல்லை. ஈரமண்ணில் சோடா கரைந்து மேற்பரப்பு ஏடு ஏடாகப் பிரிந்ததன் விளைவு. இளம்பச்சை நிறத்தையும் யாரும் வேண்டுமென்று சேர்க்கவில்லை, மணலிலிருந்த இரும்பு தந்தது. நிறமில்லாத கண்ணாடிக்குத்தான் ஆன்டிமனியோ மாங்கனீசோ சேர்க்க வேண்டியிருந்தது. ரோமப் பேரரசர் டயோக்லீஷியனின் கிபி 301-ஆம் ஆண்டு விலை ஆணையில் யூதேயாவின் பச்சைக் கண்ணாடி ஒரு ரோமானிய ராத்தல் 13 டினாரியஸ் (ரோமானிய நாணயம்), நிறமற்றதாகக் கருதப்படும் அலெக்சாந்திரியாக் கண்ணாடி 24.