'மாத்திரையில் புற்றுநோய்' என்று ஃபார்வர்டு வந்தால் என்ன செய்வது?

அத்தை மூன்று நாளாகச் சர்க்கரை மாத்திரை போடவில்லை. ஏன் என்று கேட்டால் போனை நீட்டுகிறார்: "மெட்ஃபார்மினில் புற்றுநோய் நச்சு! அமெரிக்கா தடை! உடனே பகிரவும்!" காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் சர்க்கரை 210. உட்கார வைத்து, ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

1. மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

சர்க்கரை, பிரஷர், வலிப்பு, இதயம் இவற்றுக்கான மாத்திரைகளைத் திடீரென்று விட்டால் அதுவே வினையாகிவிடும். டாக்டரிடம் கேட்கும்வரை போட்டுக்கொண்டே இருங்கள். முகம் வீங்குகிறது, மூச்சு முட்டுகிறது என்றால் மட்டும் கதை வேறு; அடுத்த வேளை போடாமல் நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

2. எப்போது, எங்கே, எந்த வகை?

அத்தைக்கு வந்ததில் தேதியே இல்லை. தேடிப் பார்த்தால் 2020 மே மாதச் சங்கதி. முழுப் பொய்யும் இல்லை. சில மெட்ஃபார்மின் மாத்திரைகளில் என்.டி.எம்.ஏ என்ற, புற்றுநோய் உண்டாக்கலாம் என்று கருதப்படும் வேதிப்பொருள் அனுமதித்த அளவைத் தாண்டி இருந்ததால், அவற்றைத் திரும்பப் பெறும்படி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ சொன்னது. அதுவும் மெதுவாகக் கரையும் வகையில், சில கம்பெனிகளின் சரக்கில் மட்டும். டாக்டர் மாற்று மருந்து தரும்வரை நோயாளிகள் மாத்திரையைத் தொடர வேண்டும் என்றும் கூடவே சொல்லியிருந்தது. ஃபார்வர்டில் அந்த வரியைக் காணோம். எப்போதும் காணாமல் போவது அந்த வரிதான்!

அதற்காக எல்லாமே புரளி என்று தள்ளவும் முடியாது. அசிடிட்டிக்குப் போடும் ரானிடிடினிலும் இதே என்.டி.எம்.ஏ பிரச்சினைதான். ஆனால் அங்கே மாத்திரை இருப்பில் இருக்க இருக்க, அதுவும் சூட்டில், அந்த அளவு கூடியது. 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் மொத்தமாகவே விற்பனையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். 2022இல் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலிருந்தும் அது போய்விட்டது.

3. அட்டையைத் திருப்புங்கள்

திரும்பப் பெறுவது பெரும்பாலும் குறிப்பிட்ட பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த தொகுதியைத்தான். நம் மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும், தரமில்லாத மருந்துகளின் பட்டியலிலும் பேட்ச் நம்பர் இருக்கும். ஒரு சிக்கல்: மெடிக்கல் கடையில் நாலு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுக்கும்போது, நம்பர் இருக்கும் துண்டு கடையிலேயே தங்கிவிடும். பில் கேட்டு வாங்குங்கள், அதில் பேட்ச் நம்பர் இருக்கும்.

அத்தையின் அட்டையில், மெதுவாகக் கரையும் வகையைக் குறிக்கும் 'எஸ்.ஆர்', 'எக்ஸ்.ஆர்' எதுவுமே இல்லை. சாதாரண 500 மில்லிகிராம்.

4. 'இரண்டு மடங்கு' என்றால், எத்தனை பேரில்?

1995இல் பிரிட்டனில் ஒரு எச்சரிக்கை வந்தது: புதிய வகைக் கருத்தடை மாத்திரையால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்காம். நிஜத்தில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இரண்டு பேருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோய்ப் பலர் மாத்திரையை விட்டார்கள். அடுத்த ஆண்டு அங்கே கருக்கலைப்புகள் கூடின.

5. டாக்டரிடம் கேட்கும்போது

ஃபார்வர்டைக் காட்டுவதோடு அட்டையையும் கொண்டுபோங்கள். "இதே வகையா? மாற்றணுமா?" இரண்டு கேள்வி போதும். மாத்திரையால் நிஜமாகவே ஏதாவது தொந்தரவு வந்திருந்தால், மருந்துப் பக்கவிளைவுகளுக்கான அரசின் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம்.