தொட்டி மண்ணில் சிகரெட் துண்டு கிடந்தால் என்ன செய்வது?

சிகரெட்டின் நுனியில் இருப்பதைப் பஞ்சு என்று நினைத்து, மண்ணோடு மக்கிவிடும் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அது பஞ்சே இல்லை, செல்லுலோஸ் அசிடேட் என்கிற பிளாஸ்டிக். அது மக்க வருடக்கணக்கில் ஆகும்.

2019-இல் இங்கிலாந்தின் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் செடிகளில் சோதித்துப் பார்த்தார்கள். துண்டுகள் கிடந்த மண்ணில் குளோவர் என்கிற தீவனச் செடியின் விதைகள் முளைப்பது 27 சதவீதம் குறைந்தது, வேரின் எடையோ பாதிக்கும் கீழே போனது. இதில் என்னை உலுக்கியது வேறு விஷயம்: புகைக்காத சிகரெட்டின் பில்டரும் கிட்டத்தட்ட அதே கெடுதலைச் செய்திருக்கிறது. அதனால் நிகோட்டின் மழையில் கரைந்து போய்விட்டது, இனி பயமில்லை என்று இருக்க முடியாது.

சரி, எப்படி எடுப்பது? தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே எடுங்கள். நனைந்தால் அதிலுள்ள நிகோட்டினும், காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களும் மண்ணில் இறங்கும், செடி அந்த நிகோட்டினை வேர் வழியாக உறிஞ்சவும் செய்யும். கையுறை போட்டுக்கொண்டோ இடுக்கியாலோ முழுசாகத் தூக்குங்கள். பழைய துண்டு என்றால் தாள் உரிந்து, பழுப்பேறி, தொட்டதும் இழை இழையாகப் பிரியும், வேர்களுக்குள் சிக்கியும் கிடக்கும். அதை இழுக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணோடு ஒரு கை அள்ளி எடுத்துவிடுவதுதான் நல்லது. நிறைய கிடந்த இடமென்றால் மேல்மண்ணைக் காயவைத்துச் சல்லடையில் சலியுங்கள்.

எடுத்ததை உரக்குழியில் மட்டும் போடவே போடாதீர்கள், குப்பைக்குத்தான் போக வேண்டும். துண்டுகளை ஊறவைத்துப் பூச்சிமருந்தாகத் தெளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், தயவுசெய்து வேண்டாம், பூச்சியோடு சேர்த்து மண்ணுக்கும் அந்த நஞ்சைத்தான் ஊற்றுகிறோம். அப்புறம் தக்காளி, மிளகாய், கத்தரி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புகையிலையில் தேமல் நோய் வைரஸ் இருக்கலாம், கை வழியாகவே இந்தச் செடிகளுக்குத் தொற்றும், அதனால் சோப்பு போட்டுக் கழுவிவிட்டுச் செடியைத் தொடுங்கள்.

மண் தேறிவிட்டதா என்று சந்தேகமாக இருந்தால் இரண்டு சின்னக் கிண்ணங்கள் போதும். ஒன்றில் அந்த மண், இன்னொன்றில் துண்டு படாத அதே வகை மண், இரண்டிலும் பத்துப் பத்து முள்ளங்கி விதை. ஒரே அளவு தண்ணீர், ஒரே வெளிச்சம். ஒரு வாரம் கழித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுங்கள், அதோடு நிற்காமல் நாற்றை மெதுவாகப் பிடுங்கி வேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், ஏனென்றால் மேலே இலை ஒரே மாதிரி இருந்தாலும் கீழே வேர் கட்டையாக நின்றிருக்கலாம். அப்படி இருந்தால் அந்த மேல்மண்ணை மாற்றிவிட்டுப் புது மண் போட்டு நடுங்கள்.